பார்க்காமல் எழுதிய பத்தொன்பது படங்கள்

பத்தொன்பது திரைப்படங்களுக்கு நான் மதிப்புரை எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூடப் பார்த்துவிட்டு எழுதவில்லை. ‘படத்தைப் பார்த்தேன்’ என்று கூசாமல் ஆரம்பித்து, நடிப்பு எப்படி, வசனம் எப்படி, எந்த இடத்தில் கதை நொண்டியது என்றெல்லாம் விலாவாரியாக எழுதி, கீழே இரண்டு எழுத்தில் என் பெயரையும் போட்டு அனுப்பினேன். பித்தலாட்டம் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஐம்பதுகளில் நாங்கள் போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே காய் உலர்த்தும் கூடத்துக்குப் பொறுப்பு. பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, வாரம் ஒருமுறை கழுதைகளில் ஏற்றிப் போடி மண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய சோலி. விடியக் கிளம்பினால் மதியம் சாயும் நேரத்துக்குக் கீழே போய்ச் சேரலாம். அங்கேயே மண்டியில் படுத்துக்கொண்டு மறுநாள் ஏறி வருவார். நான் இறங்குவதில்லை.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தாள். நாலு வயசு. மலைக்காய்ச்சல் வந்து மூன்று நாள் அனலாய்க் கிடந்தாள். நாலாம் நாள் காலை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் அந்தக் கழுதைப் பாதையில் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன். ஆஸ்பத்திரி வரைக்கும் போகவில்லை. பாதி வழியிலேயே போய்விட்டாள். கீழே அடக்கம் செய்துவிட்டு மேலே ஏறி வந்த அன்று, இந்தப் பாதையில் இனி என் கால் படாது என்று சொன்னேன். நான் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். என் அம்மாவே எனக்குக் கழுதைப் பிடிவாதம் என்பாள். மூன்று வருஷத்துக்கு மேல் நான் மலையை விட்டு இறங்கவில்லை.

அந்த முதல் வருஷம் நான் என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சோறு பொங்கினேன் போலிருக்கிறது, சாப்பிட்டோம் போலிருக்கிறது. மழையும் மேகமும் அட்டையுமாக ஒரு வருஷம் போயிற்று. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் போடி வாசகசாலையிலிருந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டுவர ஆரம்பித்தார். இன்னது என்று கிடையாது. நாவல், சோதிடம், மாட்டு வைத்தியம், எது கையில் அகப்பட்டதோ அது. நான் ஒன்பதாவது வரை படித்தவள். வேறு வேலையில்லாததால் எல்லாவற்றையும் படித்தேன்.

அதில் ஒரு நாவல் ஏலமலையில் நடப்பதாக இருந்தது. எழுதியவர் மலையைப் படத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டார். அவருடைய கதாநாயகி ஏலக்காயை மாங்காய் மாதிரி மரத்தில் ஏறிப் பறிக்கிறாள்! காய் தூரடியில் மண்ணை ஒட்டிக் காய்க்கும், அதைக் குனிந்து எடுத்து எடுத்து எங்கள் பெண்களுக்கு இடுப்பே இற்றுப்போகும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு வருஷமாய் எதற்கும் வராத கோபம் அதற்கு வந்தது. அந்த நாவலைப் புகழ்ந்திருந்த சென்னைப் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதினேன். ‘பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறவர் வாசகர் கண்ணில் மண்ணைத் தூவுகிறார்’ என்று முடித்தேன். நானேதான் அப்படி எழுதினேன்.

அவர்கள் அதை அப்படியே போட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் ‘ஐயா’ என்று விளித்து எனக்கு ஒரு கார்டும் எழுதினார். புத்தகங்கள் அனுப்புகிறேன், மாதா மாதம் மதிப்புரை எழுதித் தருகிறீர்களா என்று கேட்டிருந்தார். நான் ஐயா இல்லை, அம்மா என்று திருத்தி எழுதவில்லை. எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். அவருக்கு இதெல்லாம் ஒரு கார்டு, அவ்வளவுதான். எனக்கு, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம். என் வீட்டுக்காரரிடம் கட்டுக்கட்டாய்க் காகிதம் வாங்கிவரச் சொன்னேன். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு வருஷத்துக்குப் பிறகு பல்லைப் பார்த்தேன்.

எட்டு மாதம் புத்தகத்தோடு ஓடியது. பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. ‘போடியில் சினிமாக் கொட்டகை இருப்பதாக அறிகிறேன். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். மலையடிவாரத்து ஜனங்களோடு தரையில் உட்கார்ந்து பார்த்து எழுத ஒருவர் வேண்டும். தங்களுக்குத் தனிப் பகுதியே ஒதுக்குகிறேன்’ என்று இருந்தது. தனிப் பகுதி! எனக்குத் தலைகால் புரியவில்லை. முடியாது என்று எழுதுவதுதான் யோக்கியம். எழுதினால் புத்தகத்தையும் நிறுத்திவிடுவாரோ என்று பயம். இறங்கிப் போய்ப் பார்க்கலாம் என்றால் அந்தப் பாதை.

“இதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்றார் என் வீட்டுக்காரர். “நான்தான் வாரா வாரம் கீழ போறேன். சாயங்காலம் மண்டியில சும்மாதான் கெடக்கேன். மொத ஆட்டம் பாத்துட்டு வந்து சொல்றேன். நீ எழுதிக்க.”

“நீங்க பாத்தா நான் பாத்ததா ஆயிருமா?”

“நீயா கடைக்குப் போயி அரிசி வாங்குற? நான் கொண்டாந்து குடுக்கிறேன், நீ பொங்குற. அது உன் சோறு இல்லையா?”

அப்படித்தான் ஆரம்பமாயிற்று. அவர் ஏறி வந்த மறுநாள் சாயங்காலம், காய் உலரும் கூடத்தில் சூட்டுக்கு ஒண்டிக்கொண்டு உட்காருவோம். அவர் சொல்லச் சொல்ல நான் பென்சிலில் குறிப்பு எடுப்பேன். நன்றாகச் சொல்வார். இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று எனக்கு ஆச்சரியம். வில்லன் வந்தால் தோளை ஏற்றிக்கொண்டு நடந்து காட்டுவார். பாட்டு வந்தால் பாடுவார், கர்ண கொடூரமாக இருக்கும். கூட்டம் எங்கே சீட்டியடித்தது, எந்த இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது, இடைவேளையில் முறுக்கு வாங்கினவன் படத்தைப் பற்றி என்ன திட்டினான் என்பதெல்லாம் விடாமல் வரும். ஆசிரியர் கேட்டதும் அதைத்தானே!

நான் சும்மா விடமாட்டேன், போலீஸ்காரன் மாதிரி துருவுவேன். அந்த வீட்டில் சன்னல் எந்தப் பக்கம்? அவள் அழுதபோது கண்ணைத் துடைத்தாளா, துடைக்காமல் விட்டாளா? ஒரு தடவை, “அவ நீலச் சேலையில வந்து நின்னா பாரு, அப்படியே...” என்று ஆரம்பித்தார்.

“கறுப்பு வெள்ளைப் படத்துல நீலம் எங்கேருந்து வந்துச்சு?” என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் விழித்தார். “நீலமாத்தான் இருக்கணும்” என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். குழந்தை போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்தக் கூடத்தில்தான்.

அவர் சொல்வதோடு கொட்டகை வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகமும் எனக்குத் துணை. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். எல்லாக் கதையையும் சொல்லிக்கொண்டே வந்து, முக்கியமான இடத்தில், மற்றவற்றை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிடுவார்கள். அந்த மற்றவற்றுக்கு எனக்கு அவரை விட்டால் கதியில்லை.

பதினெட்டுப் படம் இப்படி ஒப்பேறியது. பத்தொன்பதாவது படம் ஒரு கைம்பெண்ணையும் அவள் மகளையும் பற்றியது. அந்த வாரம் அவர் ஏறி வந்தபோது முகமே சரியில்லை. ஏற்றம், களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். கையில் பாட்டுப் புத்தகம் இருந்தது, கடைசித் தாள் இல்லை. “வெத்தலை மடிக்க எவனோ கிழிச்சிட்டான், விடு” என்றார். நான் விட்டேன். படத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது என்று சுருக்கத்தில் படித்தவுடன் புத்தகத்தை மூடிவைத்தேன். இதை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் ஆசிரியர் இந்தப் படத்தைக் குறிப்பாகக் கேட்டிருந்தார்.

“அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு? மொதல்ல அதச் சொல்லுங்க” என்றேன்.

“பொழைச்சுக்குது” என்றார்.

பிறகு சொன்னார். விடிய விடிய அம்மா குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பாட்டு இல்லை, கோயில் மணி இல்லை, சாமி படத்திலிருந்து பூ விழவில்லை. விடிகிற நேரத்தில் குழந்தை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்கிறது. அம்மா அழவில்லை, சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கஞ்சி கொண்டுவந்து உட்கார்ந்து ஊதுகிறாள், ஆறுகிற வரைக்கும் ஊதிக்கொண்டே இருக்கிறாள், அத்தோடு படம் முடிகிறது. சொல்லி முடித்து அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னேன். எழுதுவதற்காக, எத்தனை தடவை ஊதினாள், எந்தக் கையில் கிண்ணம் என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

நான் எழுதியதிலேயே நல்லது அந்த மதிப்புரைதான். வீண் பெருமை பேசவில்லை, நிஜம். ‘நம் படங்களில் காய்ச்சல் வந்த குழந்தைகள் கதாசிரியரின் வசதிக்காகச் சாகிறார்கள். இந்தப் படம் ஒரு குழந்தையை உயிரோடு விட்டிருக்கிறது. ஒரு தாயைப் பாடவிடாமல் கஞ்சியை ஊதவிட்டிருக்கிறது. இதற்காக இதை எடுத்தவர்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்’ என்று எழுதினேன். ஆசிரியருக்கு அவசரமோ, அவர் படம் பார்க்கவில்லையோ, கட்டம் கட்டி முன்பக்கத்திலேயே போட்டுவிட்டார்.

அடுத்த தபாலில் கடிதங்கள் வந்தன. ஒன்றா இரண்டா! ஆசிரியர் மூட்டையாகவே அனுப்பியிருந்தார். ‘உங்கள் விமரிசகர் கொட்டகையில் தூங்குகிறாரா?’ ‘அந்தக் குழந்தை பிழைத்தது என்றால் எட்டு நிமிஷ ஒப்பாரி யாருக்கு?’ ‘மலையடிவாரத்து மகானே, வைகுண்டத்திலிருந்தா படம் பார்த்தீர்?’ எல்லோருக்கும் என்ன குஷி! கடைசியில் ஆசிரியரின் கடிதம். ‘பத்திரிகையின் மானம் போயிற்று. ஊர்ப்புறக் கொட்டகைகளில் சில சமயம் கடைசி ரீலைப் போடாமல் விட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படி நடந்திருந்தால் உடனே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், பிரசுரித்துவிட்டு மேலே போகலாம். இல்லையென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.’

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அவர் காய் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தப் புள்ள செத்துப்போச்சாம்” என்றேன்.

அவர் நிமிரவில்லை.

“கேக்கிறேன்ல? செத்துச்சா, இல்லையா?”

“செத்துச்சு.”

“தாளக் கிழிச்சது யாரு?”

“நான்தான். அதுல ஒப்பாரிப் பாட்டு இருந்துச்சு.” காயை இரண்டு தடவை புரட்டினார். பிறகு, “அங்கயுமா சாகணும்?” என்றார்.

அந்த இடத்தில் ஒரு மனுஷி என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடிதக் கட்டு, என் பெயரின் இரண்டு எழுத்து, இனி வராமல் போகப்போகிற தபால். ஆத்திரம் கண்ணை மறைத்தது.

“உங்கள யாரு பொழைக்க வைக்கச் சொன்னா? கதையில பொழைக்க வைக்கத் தெரியுதுல்ல? அன்னைக்கு வெரசா நடந்திருந்தா இங்கயே பொழைச்சிருப்பாளே!” என்றேன்.

சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். காய் பிரிக்கிற பெண்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள், எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவர் காய் புரட்டும் பலகையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான்கு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதற்குள் அந்தப் படத்தைப் போடிக் கொட்டகையில் மறுபடி போட்டிருக்கிறார்கள் என்று சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். பெண்கள் கூட்டம் அள்ளுகிறதாம். நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பார்த்தால்தான் ஆசிரியருக்கு எதையாவது சமாளித்து எழுத முடியும். கடைசி ரீல் விஷயத்தைக் கொட்டகைக்காரனிடமே கேட்டு, அவன் தலையில் கட்டிவிடலாம் என்றும் ஒரு கணக்கு. ஆமாம், அப்படியும் நினைத்தேன்.

“நானும் வர்றேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஒண்ணும் வேணாம்” என்றேன்.

சந்தைக்குப் போகிற பெண்களோடு சேர்ந்து விடியக் கிளம்பினேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாதை. அந்த இடம் வரும், வந்ததும் நான் விழுந்துவிடுவேன், இவர்கள் என்னைத் தூக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். ஓடை வந்தது, பாறை வந்தது, ஈட்டிமரம் வந்தது. இதுவா, அதுவா? ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு அந்த இடமே தெரியவில்லை! என் குழந்தை உயிர் விட்ட இடம் எது என்று தெரியாமலே தாண்டிப் போய் அடிவாரத்தில் நின்றேன். எந்த இடத்துக்குப் பயந்து மூன்று வருஷம் மேலே உட்கார்ந்திருந்தேனோ அது எனக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை. அவரோ வாரா வாரம் அதைக் கடந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை ஒரு நாளாவது தோன்றியிருக்க வேண்டாமா?

முதல் ஆட்டத்துக்குப் போனேன். பெண்கள் பக்கம், மணல் தரை, இடையில் குட்டைச் சுவர். படம் அப்படியொன்றும் பிரமாதமில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா தலையை விரித்துப்போட்டுக்கொண்டு தெருத்தெருவாய்ப் பாடிக்கொண்டு போனாள். அவள் திரும்பி வருவதற்குள் குழந்தை செத்தது. உடனே இன்னொரு பாட்டு. என்னைச் சுற்றி எல்லோரும் மாரில் அடித்துக்கொள்ளாத குறையாக அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. குழந்தை செத்தவுடன் விளக்கு அணைகிறது, காற்றடித்துக் கதவு அடித்துக்கொள்கிறது, என்ன அசட்டுத்தனம்! கஞ்சியை ஊதிக்கொண்டிருந்த அம்மா எங்கே? நான் எழுதியது அத்தனையும் சரி. இந்தப் படத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டம் விட்டதும் டிக்கெட் கொடுக்கிறவரிடம் போனேன். முப்பது வயசிருக்கும், தலையில் துண்டு.

“போன மாசம் இந்தப் படம் போட்டீங்கள்ல, கடைசி ரீல எப்பயாச்சும் போடாம விட்டீங்களா?” என்று கேட்டேன்.

“என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? ஒரு அடி குறைச்சா சனம் கொட்டகையப் பிரிச்சு எறிஞ்சிரும்ல?” என்றார். “நீங்க எந்த ஊரு?”

தோட்டத்தின் பெயரையும் என் வீட்டுக்காரர் பார்க்கிற சோலியையும் சொன்னேன்.

“அட, காய் லோடு கொண்டுவர்ற அண்ணன் வீடா? மதினியா நீங்க?” என்று எழுந்து நின்றுவிட்டார். “அண்ணன் வாராவாரம் வந்துருவாருல்ல. எல்லாத்தையும் உத்து உத்துப் பாப்பாரு. இந்தப் படம்தான் அவருக்குப் பிடிக்கல போல. அந்தப் புள்ளைக்குக் காச்சல் வந்ததும் எந்திரிச்சு வெளிய வந்துட்டாரு. என்னண்ணே மேலுக்குச் சுகமில்லையான்னு கேட்டேன். பேசல. அந்தா, அந்தக் கம்பத்தப் பிடிச்சுக்கிட்டு ஆட்டம் விடுற வரைக்கும் நின்னாரு. சனமெல்லாம் போனப்புறம் என்கிட்ட வந்து, புள்ள பொழைச்சுச்சாப்பான்னு கேட்டாரு. இல்லண்ணே, செத்துருதுன்னு சொன்னேன். நல்லாத் தெரியுமான்னு திரும்பக் கேட்டாரு. எத்தன தடவ பாத்திருக்கேன், தெரியாதாண்ணேன்னு சொன்னேன். சரிப்பான்னு போயிட்டாரு.”

“கம்பத்துக்கிட்ட எவ்வளவு நேரம் நின்னாரு?” என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. துருவிக் கேட்பது பழக்கமாகிப் போயிருந்தது.

“நெடுநேரம் நின்னாரு மதினி” என்றார்.

எங்களோடு வந்த பெண் ஒருத்தியின் தங்கை வீட்டில் படுத்தேன், தூக்கம் எங்கே வருகிறது! கடைசிவரை பார்க்க முடியாமல் எழுந்து வந்த மனுஷன் மறுநாள் மலையேறி வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, மூன்று தடவை அந்தக் குழந்தையைக் கண் திறக்க வைத்திருக்கிறார். நான் எந்தக் கையில் கிண்ணம் என்று கேட்டிருக்கிறேன்.

காலையில் தபாலாபீசுக்குப் போனேன். கடைசி ரீல் போடவில்லை என்று எழுதினால் போதும், ஆசிரியரே அந்தப் பொய்யை வாயில் ஊட்டிவிட்டிருந்தார். தலையில் துண்டு கட்டிய அந்த டிக்கெட்காரர் சென்னைப் பத்திரிகை படிக்கப்போவதில்லை. யாருக்கும் நஷ்டமில்லை, என் பகுதி தொடரும். பேனாவை மசியில் தொட்டுவிட்டு வெகுநேரம் நின்றேன். இந்தப் பொய்யை எழுதினால் என் வீட்டுக்காரர் அந்தக் குழந்தையைப் பிழைக்க வைத்தது ஒரு பழுது, ஒரு கோளாறு என்று ஆகிவிடும் என்று பட்டது. உண்மைக் காரணத்தை எழுதினாலோ அந்தக் கடிதக்காரர்கள் அதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார்கள். ‘நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. எந்தப் படத்தையும் பார்க்கவில்லை. என்னை மன்னிக்கவும்’ என்று மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. புத்தகங்களும் வரவில்லை.

ஏறுகிற வழி முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே வந்தேன். நீங்க சொன்ன படம்தான் நல்ல படம், எனக்கு அது போதும். அவ்வளவுதான். அதோடு, அன்றைக்குச் சொன்ன அந்தக் கொடிய வார்த்தைக்கு அவர் காலில் விழுந்துவிடுவது என்றும் நினைத்திருந்தேன். அவர் மெதுவாக நடக்கவில்லை. தோளில் பிள்ளையோடு அந்த இறக்கத்தில் எப்படி ஓடினார் என்று பின்னால் ஓடி வந்த எனக்குத் தெரியாதா?

வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் வாசலில் நின்றார். ரொம்ப நேரமாக நின்றிருப்பார் போல. செம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டார்.

“பத்திரிகைக்கு என்ன எழுதுன?”

“நான் எதையும் பாக்கலன்னு எழுதிட்டேன்.”

“அப்ப, இனி கேக்கமாட்டாங்களா?”

“கேக்கமாட்டாங்க.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “என்னாலதான?” என்றார்.

இல்லைங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். ஆனால் வீட்டுக்குள்ளே மேசைமேல் அடுக்கியிருந்த காகிதக் கட்டு கண்ணில் பட்டது. நாளைக் காலையில் எழுந்து நான் என்ன செய்வேன் என்று நினைத்தேன்.

“ஆமா, உங்களாலதான்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சொன்னதை ஏற்றுக்கொள்கிற மாதிரி ஆட்டினார். காயைப் புரட்ட வேண்டும் என்று கூடத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கொட்டகைக்கும் போகவில்லை. இன்னும் இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து இருந்தோம், சண்டை சச்சரவு பெரிதாக ஒன்றும் இல்லை. ‘உங்களாலதான்’ என்ற அந்தச் சொல்லை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.